ராட் அயர்ன் கேட் என்று விற்பது உண்மையில் என்ன இரும்பு?

புதுவீடு_2

வீட்டு வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. முன் கேட்டுக்கு விலை கேட்டால் ஃபேப்ரிகேட்டர் இரண்டு விலை சொல்கிறார். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது மென் எஃகு) கேட் என்றால் ஒரு விலை, ராட் அயர்ன் கேட் என்றால் அதைவிட ஒன்றரை மடங்கு. என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு "அது ஒரிஜினல் இரும்பு சார், துருவே ஏறாது" என்றார். பத்தாவது படிக்கும் என் மகளோ புத்தகத்தை எடுத்து வந்து, கார்பன் 0.25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தேனிரும்பு, 0.25இலிருந்து 2 வரை எஃகு, அதற்கு மேலே போனால் வார்ப்பிரும்பு என்று காட்டுகிறாள். ராட் அயர்ன் என்பது தேனிரும்புதானே? ஒரு துண்டை வெட்டி லேபில் கொடுத்துக் கார்பன் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமா?

பட்டறை_தம்பி

லேபுக்குப் போய்க் காசைக் கரைக்காதீர்கள் சார். நானும் இதே வேலைதான் செய்கிறேன். இன்றைக்கு ராட் அயர்ன் என்று விற்கும் கேட், ஜன்னல் கிரில், ஊஞ்சல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாமே எம்.எஸ். சதுரக் கம்பியும் பட்டையும்தான். கம்பியை முறுக்கி, சுருள் வளைத்து, ரெடிமேடாக வரும் பூ, இலை, ஈட்டி முனை எல்லாம் வைத்து வெல்டு செய்கிறோம். கூலி அதிகம், அதனால் விலை அதிகம், அதில் தப்பில்லை. துரு ஏறாது என்பதுதான் பச்சைப் பொய். வெல்டிங் கசடைத் தட்டிச் சுத்தம் செய்து நல்ல பிரைமர் அடிக்கிறாரா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற_உலோகவியல்

தம்பி சொல்வது சரி. ஆனால் கார்பன் டெஸ்ட் எடுத்தாலும் ஏன் உண்மை தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுவாரசியமான பகுதி.

தேனிரும்பு என்பதை முடிவு செய்வது கார்பன் அளவு மட்டும் இல்லை. அது செய்யப்பட்ட விதமும், உள்ளே மாட்டிக்கொண்ட கசடும் சேர்ந்ததுதான் அதன் அடையாளம். இங்கிலாந்தில் ஹென்றி கோர்ட் 1784இல் காப்புரிமை வாங்கிய பட்லிங் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு 1150, 1200 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். அதைக் கிண்டிக் கிண்டிக் கார்பனை எரித்து வெளியேற்ற வெளியேற்ற உருகுநிலை ஏறிக்கொண்டே போகும், சுத்த இரும்புக்கு 1538 டிகிரி வேண்டும். அந்தக் கால உலையில் அவ்வளவு சூடு கிடையாது. அதனால் இரும்பு உலைக்குள்ளேயே கெட்டிப்பட்டுக் கூழாகும், கசடோடு சேர்ந்து உருண்டையாகத் திரளும். அதை வெளியே இழுத்துச் சம்மட்டி எந்திரத்தில் அடித்தால் கசடில் பெரும்பகுதி பிதுங்கி வெளியே வந்துவிடும். ஆனாலும் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை உள்ளேயே தங்கும். அப்புறம் உருளையில் விட்டு நீட்டும்போது அந்தக் கசடும் இழை இழையாக நீண்டுவிடும். தேனிரும்புக் கம்பியைப் பாதி வெட்டி வளைத்து முறித்தால் கரும்புச் சக்கை மாதிரி நார் நாராகக் கிழியும். எம்.எஸ். கம்பி அப்படிக் கிழியாது.

ஈஃபில் கோபுரம் முழுக்க இந்த பட்லிங் இரும்புதான், சுமார் 7,300 டன், 1889இல் திறந்தார்கள். இங்கிலாந்தில் போல்ட்டன் ஊரில் கடைசியாக வணிக அளவில் தேனிரும்பு செய்துகொண்டிருந்த ஆலையை 1973இல் மூடினார்கள். இன்றைக்கு அங்கே பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பவர்கள் பழைய சங்கிலி, பழைய பாலத்துக் கம்பி எல்லாம் வாங்கித் திரும்ப உருட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஊர் ஃபேப்ரிகேட்டருக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

இப்போது கார்பன் கணக்கு. கார் பாடிக்குப் போகும் மென் தகடுகளில் ஒருவகையில் கார்பன் 0.005 சதவீதத்துக்கும் கீழே. எந்தத் தேனிரும்பையும் விடக் குறைவு. அதை யாராவது தேனிரும்பு என்பார்களா? அது எஃகுதான், ஏனென்றால் உருக்கி ஊற்றியது, உள்ளே கசடு இழை கிடையாது.

புதுவீடு_2

அப்போ புத்தகம் தப்பா சார்? நாளைக்குப் பரீட்சையில் என்ன எழுதச் சொல்வது?

ஓய்வுபெற்ற_உலோகவியல்

பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும், மார்க் முக்கியம்.

தப்பு என்று தூக்கிப் போடவும் முடியாது. அந்தப் பிரிவு ஒரு காலத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. 1856க்கு முன்னால் கார்பன் குறைந்த இரும்பை முழுசாக உருக்கிப் பெரிய அளவில் எடுக்க வழியில்லை. ஆகவே கார்பன் குறைவு என்றாலே உள்ளே கசடு இருக்கும், இரண்டும் சேர்ந்தே வரும், எதை வைத்துப் பிரித்தாலும் விடை ஒன்றுதான். அந்த வருஷம் ஹென்றி பெஸ்ஸிமர் என்ற ஆங்கிலேயர் வந்து உருகிய இரும்புக்குள் காற்றை ஊதினார், உள்ளே இருந்த சிலிக்கானும் கார்பனும் எரிகிற சூட்டிலேயே இரும்பு கெட்டிப்படாமல் திரவமாகவே நின்றது. கார்பனும் குறைவு, கசடும் இல்லை. அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று உலகமே குழம்பியது.

1876இல் பிலடெல்ஃபியாவில் பல நாட்டு உலோக அறிஞர்கள் குழுவாகக் கூடி ஒரு தீர்வு சொன்னார்கள். சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் கடினமாகிறதா என்று பார், கடினமானால் எஃகு, ஆகாவிட்டால் இரும்பு. அது கூழாக ஒட்டித் திரண்டதா, உருகி வார்க்கப்பட்டதா என்று பார். இப்படி இரண்டு கேள்வி, மொத்தம் நான்கு பெயர். தர்க்கப்படி அருமையான பிரிவு, ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுபடவில்லை. பெஸ்ஸிமர் முறையில் வந்த மென்மையான தண்டவாளத்தை ஆலைக்காரர்கள் ஏற்கெனவே எஃகு என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள், எஃகு என்றால் மதிப்பு வேறு. சந்தை ஜெயித்தது. நாம் மைல்ட் ஸ்டீல் என்று சொல்வதில் பெரும்பாலானது அந்தக் குழுவின் கணக்குப்படி இரும்பு.

சைட்_இன்ஜினியர்

இதே கணக்கில் ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நாம் தூணுக்குப் போடும் கம்பிக்கு உள்ள இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786. அதில் எஃப்.இ. 500 டி என்ற தரத்துக்குக் கார்பன் 0.25க்கு மேல் போகவே கூடாது. பாப்பாவின் புத்தகப்படி பார்த்தால் தமிழ்நாட்டில் பாதி வீடு தேனிரும்பில் நிற்கிறது.

கம்பியில் இருக்கும் 500 என்ற எண்ணுக்கும் கார்பனுக்கும் சம்பந்தமே இல்லை. சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை இழுத்தாலும் கம்பி நிரந்தரமாக நீளக் கூடாது, அதுதான் பொருள். டி என்றால் நெகிழ்வு கூடுதல். சாதாரண 500 கம்பி முறிவதற்குள் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500 டி என்றால் 16. கந்தகம், பாஸ்பரஸ் அளவிலும் 500 டிக்குக் கெடுபிடி அதிகம். டி.எம்.டி. என்பது இன்னொரு கணக்கு, உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும்போதே தண்ணீர் பீய்ச்சித் தோலை மட்டும் சட்டென்று குளிர்விப்பது. உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். ஆக ஒரே கம்பிக்கு மூன்று அடையாளம், ஒன்று பலத்தை வைத்து, ஒன்று சேர்மானத்தை வைத்து, ஒன்று செய்முறையை வைத்து. கடைக்காரரிடம் "நல்ல கம்பி கொடுங்க" என்றால் அவர் மூன்றையும் பார்க்க மாட்டார், கமிஷனைத்தான் பார்ப்பார்.

டிப்ளமோ_மெக்_3ஆம்ஆண்டு

நீங்கள் எல்லோரும் ரொம்பக் குழப்புகிறீர்கள். இரும்பு–கார்பன் வரைபடம் இருக்கிறது, 2.1 சதவீதத்துக்கு இந்தப் பக்கம் எஃகு, அந்தப் பக்கம் வார்ப்பிரும்பு. அந்தக் கோடு யாரும் குழு போட்டு முடிவு செய்தது இல்லை. 1147 டிகிரியில் திட இரும்பு தனக்குள் கரைத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்சக் கார்பன் அதுதான். அதைத் தாண்டினால் கடைசியில் உறையும் திரவம் தனி அமைப்பாக நிற்கும், அடித்து நீட்ட முடியாது, வார்க்கத்தான் முடியும். இயற்கையே போட்ட கோடு. இதற்கு மேல் என்ன விவாதம்?

பவுண்டரி_கோவை

தம்பி, எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் நடுவில் அந்தக் கோடு சரி. ஆனால் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்த பிறகு கார்பனை வைத்து மட்டும் ஒரு இரும்பையும் அடையாளம் சொல்ல முடியாது. இங்கே தினமும் அதுதான் சண்டை.

3.3 சதவீதம் கார்பன், 2 சதவீதம் சிலிக்கான், ஒரே லேடில் (உருகிய இரும்பை ஏந்தி ஊற்றும் வாளி), ஒரே அச்சு. தடிமனான ஃபிளாஞ்ச் மெதுவாக ஆறும், கார்பன் செதில் செதிலான கிராஃபைட்டாகப் பிரியும், உடைத்தால் சாம்பல் நிறம். அதுதான் கிரே அயர்ன், கடைசல் போட்டால் வெண்ணெய். அதே வார்ப்பில் 3 மில்லிமீட்டர் விளிம்பு இருந்தால் சட்டென்று ஆறி, கார்பனுக்குப் பிரிய நேரம் இல்லாமல் இரும்போடு சேர்ந்து கார்பைடாக நின்றுவிடும். உடைத்தால் வெள்ளிப் பளபளப்பு, டிரில் ஏறாது. அது ஒயிட் அயர்ன். ஒரே பொருளில் இரண்டு இரும்பு. மெஷின் ஷாப்பிலிருந்து போன் வரும், "என்னய்யா ஊத்தியிருக்கே, பிட் எல்லாம் போச்சு" என்று. லேப் ரிப்போர்ட்டில் சேர்மானம் அச்சு அசலாகச் சரியாக இருக்கும்!

அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னால் ஆப்பு வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு ஊற்றி, ஆறியதும் உடைத்து, முனையில் வெள்ளை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்போம். சில் டெஸ்ட். வெள்ளை அதிகம் ஓடினால் லேடிலில் கொஞ்சம் ஃபெரோ சிலிக்கான் (இரும்பும் சிலிக்கானும் கலந்தது) போட வேண்டும்.

வெள்ளை என்றாலே குறை என்றும் நினைக்காதீர்கள். மாவு ஆலை உருளைகளில் வேண்டுமென்றே வெளித்தோலை வெள்ளையாக ஆற வைப்பார்கள், உள்ளே சாம்பல். சிமெண்ட் ஆலையில் அரைக்கும் குண்டுகள் குரோமியம் நிறையச் சேர்த்த வெள்ளை இரும்பு, தேய்வது குறைவு.

டிப்ளமோ_மெக்_3ஆம்ஆண்டு

எஸ்.ஜி. அயர்ன் (ஸ்ஃபீராய்டல் கிராஃபைட் வார்ப்பிரும்பு) எப்படி அண்ணே? கிரேவுக்கும் அதற்கும் கார்பன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று படித்தேன், ஆனால் விலை, பலம் எல்லாம் எங்கேயோ இருக்கிறதே.

பவுண்டரி_கோவை

ஆமாம், கார்பன் கிட்டத்தட்ட அதேதான். கிராஃபைட்டின் வடிவம்தான் வேறு. செதிலாக இருந்தால் ஒவ்வொரு செதிலின் ஓரமும் ஒரு விரிசல் தொடங்கும் இடம், அதனால் இழுத்தால் நீளாமலே முறியும். உருண்டையாக இருந்தால் விரிசலுக்கு ஓரம் கிடைக்காது. தரத்தின் பெயரிலேயே தெரியும். கிரேவுக்கு எஃப்.ஜி. 200 என்று பலத்தை மட்டும் எழுதுவார்கள், நீட்சி எழுதும் அளவுக்கு இருக்காது. எஸ்.ஜி. 400/15 என்றால் பலம் 400, நீட்சி 15 சதவீதம். வார்ப்பிரும்பு வளையும் என்று 1940களின் கடைசியில் சொன்னபோது அந்தக் காலத்து ஃபோர்மேன்கள் சிரித்திருப்பார்கள்.

உருண்டையாக்குவது மக்னீசியம். இரும்பை 1450 டிகிரிக்கு மேல் வைத்திருக்கிறோம், மக்னீசியம் 1090 பக்கத்திலேயே கொதிக்கும். நேரடியாகப் போட்டால் வெடிக்கும். அதனால் ஃபெரோ சிலிக்கானோடு கலந்த துண்டுகளை லேடில் அடியில் பள்ளத்தில் வைத்து, மேலே இரும்புச் சில்லுகளைப் போட்டு மூடி, அதன் மேல் உலோகத்தை ஊற்றுவோம். கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம், புகை. கடைசியில் உள்ளே தங்க வேண்டியது 0.03 முதல் 0.05 சதவீதம்தான். கந்தகம் அதிகம் இருந்தால் மக்னீசியத்தை அதுவே தின்றுவிடும், அதனால் கோக் போட்டு உருக்கும் குப்போலாவை விட கரண்ட் ஃபர்னஸ் இதற்கு வசதி. லேடில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் மக்னீசியம் ஆவியாகிக் குறைய ஆரம்பிக்கும், கிராஃபைட் மறுபடி செதிலை நோக்கிப் போகும். கிரேனில் ஏதாவது கோளாறு வந்து லேடில் அந்தரத்தில் நின்றால் எல்லோரும் வாட்சைப் பார்ப்போம், அன்றைக்கு சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆறியதும் ஒரு துண்டை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் உருண்டை எத்தனை சதவீதம் என்று எண்ணுவோம். அவசரத்துக்குச் சுத்தியால் தட்டினாலே தெரியும். எஸ்.ஜி. மணி மாதிரி ஒலிக்கும், கிரே தொப் என்று இருக்கும். அந்தத் தொப் சத்தமே கிரேவின் பெருமையும் கூட, அதிர்வை உள்ளேயே விழுங்கிவிடும், அதனால்தான் லேத் பெட் (கடைசல் எந்திரத்தின் அடிப்பீடம்) இன்னமும் கிரேயில் வார்க்கிறார்கள்.

டூல்ரூம்_ஓசூர்

2.1 கோடு இயற்கை போட்டது என்று சொன்ன தம்பிக்கு ஒரு கேள்வி. பிரஸ் டூலுக்கு (தகடு வெட்டும் அச்சுகளுக்கு) நாங்கள் வாங்கும் டி3 டை ஸ்டீலில் கார்பன் 2இலிருந்து 2.35 வரை. அது ஸ்டீலா, கேஸ்ட் அயர்னா?

டிப்ளமோ_மெக்_3ஆம்ஆண்டு

😐

ஓய்வுபெற்ற_உலோகவியல்

தம்பியைச் சீண்டாதீர்கள், அவர் சொன்ன வரைபடம் இரும்பும் கார்பனும் மட்டும் உள்ள வரைபடம். டி3இல் குரோமியம் 12 சதவீதம் பக்கத்தில் இருக்கிறது, கோடுகள் எல்லாம் இடம் மாறிவிடும். ஐரோப்பிய தர விதியே கார்பன் 2 சதவீதம் என்று எல்லை போட்டுவிட்டு, குரோமியம் எஃகுகளில் சில அதைத் தாண்டலாம் என்று கூடவே எழுதி வைத்திருக்கிறது. டி3ஐ அடித்து நீட்ட முடிகிறது, பதமும் போடுகிறோம், அதனால் எஃகு.

குரோமியம் பேச்சு வந்ததால் எவர்சில்வரையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கார்பன் வரையறை இரண்டாம் பட்சம். குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம், அதுதான் நுழைவுச் சீட்டு. பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டினால் டூப்ளிகேட்" என்பார்கள், அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நிக்கல் இல்லாத 430 ரகம் காந்தத்தில் ஒட்டும், அதுவும் அசல் எவர்சில்வர்தான். ஒட்டாததெல்லாம் நிக்கல் கூடுதலான 304 ரகம் என்பதும் இல்லை, மாங்கனீஸ் போட்ட 202உம் ஒட்டாது.

சேலத்துக்காரன்

இவ்வளவு பேசினீர்கள், நம் ஊர் உருக்கைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. சேலம் கஞ்சமலை இரும்பை வைத்து நம் ஆட்கள் உலகத்துக்கே எஃகு அனுப்பியிருக்கிறார்கள், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழங்கால உலையே தோண்டி எடுத்தார்கள். டெல்லித் தூண் 1600 வருஷமாகத் துருப்பிடிக்காத எவர்சில்வர், அதையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற_உலோகவியல்

முதல் பாதி சந்தோஷமாக எழுதலாம், இரண்டாம் பாதி வேண்டாம். டெல்லித் தூணில் எவர்சில்வர் ஆகும் அளவுக்குக் குரோமியம் இல்லை. அது தேனிரும்பு, சுமார் 6 டன், சின்னச் சின்னக் கட்டிகளைச் சூட்டில் அடித்து ஒட்டியது, உள்ளே கசடும் இருக்கிறது. பாஸ்பரஸ் கால் சதவீதம் அளவுக்கு இருப்பதால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகியிருக்கிறது. இன்றைய எஃகு ஆலையில் அவ்வளவு பாஸ்பரஸ் வந்தால் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள்.

நம் உருக்கு விஷயம் இங்கே நடக்கும் பேச்சுக்கே சரியான உதாரணம். கஞ்சமலை காந்தக் கல்லைக் கரியோடு சின்ன உலையில் போட்டால் முதலில் கிடைப்பது கசடு கலந்த மென்மையான இரும்பு, அதாவது தேனிரும்பு வகை. அதைத் துண்டாக்கி, ஆவாரஞ்சுள்ளியோடு மண் குகையில் (உலோகம் உருக்கும் சிறிய மண் கலத்தில்) வைத்து, எருக்கிலை போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து மணிக்கணக்கில் ஊதினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. இரும்பு கார்பனை இழுத்துக்கொள்ள உருகுநிலை இறங்கி, குகைக்குள்ளேயே திரவமாகும், கசடு மேலே மிதந்து பிரியும். கார்பன் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் வரும். ஆக ஒரே ஊரில், ஒரே கல்லிலிருந்து, இரண்டு வகை. 1820 வாக்கில் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே லண்டனில் உட்கார்ந்து இந்த உருக்கை ஆராய்ந்தார், ரகசியம் அலுமினியம் சம்பந்தப்பட்டது என்று நினைத்தார். அது கார்பன் சமாச்சாரம்தான்.

அம்மாசமையல்

கேட்டு, தூண் எல்லாம் இருக்கட்டும், ஆன்லைனில் "பியூர் அயர்ன் தோசைக்கல்" என்று போட்டிருக்கிறார்களே, அதை வாங்கலாமா?

பவுண்டரி_கோவை

சுத்த இரும்பு இல்லை அக்கா, மெல்லிசாகத் தகடாக இருந்தால் எம்.எஸ்., கனமாக மணல் அச்சுத் தடம் தெரிந்தால் கேஸ்ட் அயர்ன். முதலாவது கீழே விழுந்தால் நெளியும், இரண்டாவது உடையும். தோசைக்கு இரண்டும் நல்லது, கனமானது சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்கும். புளிக்குழம்பு மட்டும் வைத்துவிடாதீர்கள், கறுத்துப் போகும்.

குழாய்_கண்ணன்

ஜி.ஐ. (கால்வனைஸ்டு அயர்ன்) பைப் என்பதில் அயர்ன் என்று வருகிறதே, அது எந்த வகை?

பட்டறை_தம்பி

பைப் எம்.எஸ்., மேலே துத்தநாக முலாம். அதில் மாட்டும் எல்போ, டீ மட்டும் நிஜமாகவே வார்ப்பிரும்பு, மேலியபிள் வகை. வெள்ளை இரும்பாக வார்த்து, அப்புறம் 900 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சூட்டில் வைத்தால் கார்பன் திட்டுத் திட்டாகப் பிரிந்து, உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ரெஞ்ச் போட்டு இறுக்கும்போது கிரே அயர்ன் என்றால் வெடித்திருக்கும்.

தோட்டத்து_மோட்டார்

இவ்வளவு பேர் இருப்பதால் கேட்கிறேன். பழைய மோனோபிளாக் பம்பைத் தாங்கும் கால் உடைந்துவிட்டது, பாடி கேஸ்ட் அயர்ன். பக்கத்து ஊர் வெல்டர் சாதாரண வெல்டிங் ராடு போட்டு ஒட்டினார், இரண்டாவது நாள் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விட்டுவிட்டது. வேலை தெரியாத ஆளா, இல்லை இரும்பே அப்படியா?

பவுண்டரி_கோவை

வெல்டரைத் திட்டி முடிப்பதற்கு முன் ராடைப் பாருங்கள் அண்ணே. சாதாரண எம்.எஸ். ராடில் ஊற்றும் உலோகம் பாடியிலிருந்து கார்பனை இழுத்துக்கொள்ளும், ஓரத்தில் சட்டென்று ஆறி கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், விரிசல் அங்கேதான் விடும். முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள். மங்கலான சாம்பல் என்றால் கிரே, ஒட்டலாம். நிக்கல் ராடு கேளுங்கள், விலை அதிகம்தான். பழைய வெல்டிங்கை முழுக்கக் குடைந்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சுத்தம் செய்து, ஒரு இஞ்சுக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாமல், ஒவ்வொரு துண்டு போட்டதும் சூட்டோடு சுத்தியால் லேசாகத் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்தது போட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். பாடியே மேலியபிளாக இருந்தால் வெல்டு வேண்டாம், சூடு பட்ட இடம் மறுபடி வெள்ளையாகிவிடும், பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேசிங் போடச் சொல்லுங்கள். உடைந்த இடத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.